கள்ள வி.சி.டி. கடையில் தொடங்கிய கதை: 'செப்பெட்' திரைப்படமும் நம் பிள்ளைகளும்



ஒரு காதல் திரைப்படத்தைப் பற்றித் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் இவ்வளவு நீளமாக எழுத வேண்டுமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். முகம் சுளிப்பவர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டுகிறேன். இங்கே நான் எழுதப்போவது காதலைப் பற்றி மட்டுமன்று. ஒரே ஊரில் வளர்ந்து, ஒரே தேர்வை எழுதிய இரண்டு பிள்ளைகள் ஏன் ஒரு பள்ளிக்கூடத்தில் சந்தித்துக் கொள்ளவில்லை என்பதைப் பற்றியும் எழுதப்போகிறேன். மலேசியத் திரைப்பட வரலாற்றில் 'செப்பெட்' பெற்றிருக்கும் இடம் பெரிது. ஆனால் அதைப் பற்றி எழுதியவர்களுள் பெரும்பாலோர் இன ஒற்றுமைப் படம் என்று பாராட்டினார்கள். அல்லது பண்பாட்டைக் கெடுக்கும் படம் என்று ஏசினார்கள். படத்துக்குள் ஒரு கல்வி வரலாறு ஒளிந்திருப்பதை ஆசிரியர்களாகிய நாமாவது பார்க்க வேண்டாமா?

முதலில் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். களம் பேராக் மாநிலத்தின் ஈப்போ நகரம். ஜேசன் என்னும் சீன இளைஞன் தெருவோரக் கடையில் கள்ள வி.சி.டி. விற்கிறான். வீட்டில் அவன் பெயர் ஆ லூங். கடைக்காரன் என்பது அவனுடைய வெளித்தோற்றம்தான்; உள்ளுக்குள் அவன் கவிதை எழுதுகிறவன். தந்தை சக்கர நாற்காலியில் இருக்கிறார்; தாய்க்கும் தந்தைக்கும் ஓயாத சச்சரவு. அடிதடிக் கும்பலின் நிழலும் அவன் மேல் விழுந்திருக்கிறது. மனத்தில் இருப்பதைச் சொல்ல ஒரு நண்பனும் தாயும் தவிர வேறு எவரும் இல்லாத பிள்ளை அவன். ஒரு நாள் அவன் கடைக்கு ஓர்கெட் என்னும் மலாய்ப் பெண் வருகிறாள். அவள் தேடி வந்தது தக்கேஷி கனேஷிரோ நடித்த படங்கள். அன்று தொடங்குகிறது அவர்களது நட்பு. அந்த நட்பு காதலாகிறது. பிறகு ஜேசனுடைய பழைய தொடர்பு ஒன்றால் முறிகிறது. ஓர்கெட் மேற்படிப்புக்காக இங்கிலாந்து புறப்படும் நாளில், விமான நிலையத்துக்குச் செல்லும் வழியில் அவனது கடிதத்தைப் படிக்கிறாள். தாயின் தூண்டுதலால் அவனைத் தொலைபேசியில் அழைக்கிறாள். அவளைப் பார்த்துவிட மோட்டார் சைக்கிளில் விரைந்தவனோ சாலையில் விபத்துக்குள்ளாகிக் கிடக்கிறான். தொலைபேசி ஒலிக்கிறது. அவ்வளவுதான் கதை.

படத்தின் பெயரையே எடுத்துக்கொள்வோம். 'செப்பெட்' என்பது மலாய்மொழியில் இடுங்கிய கண்களைக் குறிக்கும் சொல். சீனர்களைக் கேலி செய்யப் பள்ளித் திடல்களில் எறியப்படும் சொல்லும் அதுவே. அந்தச் சொல்லைக் கேலியிலிருந்து மீட்டு, ஒரு பெண் தான் விரும்புகிறவனின் கண்களை வருணிக்கும் சொல்லாக ஆக்கிக் காட்டினார் இயக்குநர். நம் பிள்ளைகளின் நிறத்தைச் சுட்டும் கேலிச்சொற்கள் எத்தனை என்பதை நான் இங்கே பட்டியலிடத் தேவையில்லை. இடைநிலைப்பள்ளியில் காலடி வைத்த முதல் வாரத்திலேயே நம் மாணவர்கள் அவற்றைக் கற்றுக்கொண்டு விடுகிறார்கள். பிறரைக் கேலி செய்யும் சொற்களையும் நம் பிள்ளைகள் அதே வாரத்தில் கற்றுக்கொள்கிறார்கள் என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

இனி அந்தச் சந்திப்புக்கு வருவோம். ஏன் கள்ள வி.சி.டி. கடை?

1990-களின் பிற்பகுதியிலும் 2000-களின் தொடக்கத்திலும் மலேசியாவில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவைப்படாது. திரையரங்குகளுக்கு வராத படங்களெல்லாம் இரவுச் சந்தையில், ஐந்தடி நடைபாதையில், பிளாஸ்டிக் உறைக்குள் அடுக்கப்பட்டுக் கிடந்தன. அமலாக்க அதிகாரிகள் வருகிறார்கள் என்ற தகவல் கிடைத்ததும் மேசையோடு மறைந்துபோகும் கடைகள் அவை. நம் வீடுகளில் தமிழ்ப் படங்கள் வந்து சேர்ந்ததும் பெரும்பாலும் அந்த வழியில்தான். சட்டப்படி குற்றம், அதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு வரலாற்று உண்மையைச் சொல்லாமல் விட முடியாது. ஹாங்காங் படத்தை ஒரு மலாய்ப் பெண்ணும், இந்திப் படத்தை ஒரு மலாய்க் குடும்பமும், ஜப்பானியத் தொடரை ஒரு தமிழ்ப் பையனும் பார்க்க வழி செய்தது அந்தக் கள்ளச் சந்தைதான். அங்கே படங்கள் இனவாரியாகப் பிரித்து வைக்கப்படவில்லை. கையில் காசுள்ள எவரும் எதையும் எடுக்கலாம். ஆகவே ஓர்கெட்டும் ஜேசனும் அங்கே சந்தித்தது கதையின் வசதிக்காக வைத்த தற்செயல் அன்று. அந்தக் காலத்து ஈப்போவில் அப்படிப்பட்ட இருவர் இயல்பாகச் சந்திக்கக்கூடிய இடங்கள் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்றை இயக்குநர் சரியாகக் கண்டுபிடித்தார்.

பள்ளி அவர்களைச் சந்திக்க வைத்திருக்க வேண்டாமா? வைத்திருக்க வேண்டும்தான். 1956-ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கை, எல்லா இனப் பிள்ளைகளையும் ஒரே தேசியக் கல்விமுறைக்குள் கொண்டுவருவதை இலக்காக வைத்தது. தொடக்கநிலையில் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் என மொழிவாரிப் பள்ளிகள் இருக்கலாம், பாடத்திட்டம் பொதுவாக இருக்கட்டும் என்பது ஏற்பாடு. 1961-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்திற்குப் பிறகு அரசு உதவி பெறும் இடைநிலைப்பள்ளிகளில் சீனத்துக்குப் பயிற்றுமொழி என்னும் இடம் இல்லாமற்போனது. அதை ஏற்காத சீனப்பள்ளிகள் தனியார்ப் பள்ளிகளாக நின்றன. தமிழுக்கோ தொடக்கப்பள்ளியோடு பாதை முடிந்துவிடுகிறது. 1970-லிருந்து ஆங்கிலப் பள்ளிகள் படிப்படியாக மலாய்மொழிப் பள்ளிகளாயின. இந்த வரலாறு நமக்குத் தெரிந்ததுதான். இதன் விளைவு என்ன? ஆறாண்டுகள் தனித்தனியே வளர்ந்த பிள்ளைகள் 13 வயதில் ஒரே கூரையின் கீழ் வருகிறார்கள். வந்தும் சிற்றுண்டிச்சாலையில் மேசை மேசையாகப் பிரிந்து அமர்கிறார்கள். நம் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளிலிருந்து செல்லும் பிள்ளைகளில் ஒரு பகுதியினர் மலாய்மொழியில் தேர்ச்சி போதாமையால் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாக இருந்துவிட்டுத்தான் முதலாம் படிவத்தில் நுழைகிறார்கள். தம் வயது நண்பர்கள் ஒரு படி மேலே இருக்க, புதிய பள்ளியில், புதிய மொழியில் நிற்கும் அந்தப் பிள்ளையின் தனிமையை எந்தப் புள்ளிவிவரத்திலும் பார்க்க முடியாது. தமிழ்ப்பள்ளி வேண்டாம் என்பதற்கு இதை யாரும் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டா. நான் சொல்வது அதன் பிறகு வரும் ஆண்டுகளைப் பற்றி.

'செப்பெட்' படத்தில் இன்னொரு செய்தி இருக்கிறது. அதை மொழியாசிரியர்கள் தவறாமல் கவனிக்க வேண்டும். ஜேசனின் தாய் பெரனாக்கான் பெண்மணி. அதாவது, பல தலைமுறைகளுக்கு முன் இங்கே வந்து மலாய்மொழியைத் தம் வீட்டு மொழியாக்கிக்கொண்ட சீன வழியினர். அவர் மகனிடம் மலாயில் பேசுகிறார். மகன் கண்டனீஸ் மொழியில் பதில் சொல்கிறான். ஒருவருக்கொருவர் நன்றாகப் புரிகிறது. அயல்நாட்டு விழாக்களில் இதைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இருந்திருக்கலாம். நமக்கு என்ன வியப்பு? தமிழில் கேட்கும் தாய்க்கு ஆங்கிலத்தில் விடை சொல்லும் மகள் நம் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறாளே! நான் அதைக் குறையாகவே பார்த்துப் பழகியவன். மொழியாசிரியனுக்கு வேறு கண் இருக்காது. ஆனால் இந்தப் படத்தில் அந்த இருமொழி உரையாடல் அன்பு குறைந்ததன் அடையாளமாகக் காட்டப்படவில்லை. அந்த வீட்டில் ஜேசன் தன் மனத்தைத் திறப்பது தாயிடம் மட்டுமே.

படத்தின் தொடக்கக் காட்சியே அதுதான். ஜேசன் தன் தாய்க்கு ஒரு கவிதையைப் படித்துக் காட்டுகிறான். எழுதியவர் வங்கக் கவிஞர் தாகூர். அயல்மொழியில், அயற்பண்பாட்டில் எழுதியவரின் நெஞ்சம் நமக்குப் புரிகிறதே என்று அந்தத் தாய் வியக்கிறார். முதன்மைப் பாத்திரம் ஒன்றுகூட இந்தியராக இல்லாத ஒரு படத்தின் வாசலில் ஓர் இந்தியக் கவிஞர் நிற்கிறார். மலேசிய இந்தியராகிய நமக்கு இதில் மகிழ்ச்சியும் உண்டு, சிறு மனக்குறையும் உண்டு. ஈப்போ நகரில் நாமும்தானே இருக்கிறோம்? அந்தக் குறையை அந்த இயக்குநரே பின்னர் தீர்த்து வைத்தார். அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது, என் பார்வையில் படத்தின் மையமான இடத்துக்கு வருகிறேன். எஸ்.பி.எம். தேர்வில் ஓர்கெட் 5 ஏ பெறுகிறாள், அவளுக்கு அரசாங்க உபகாரச் சம்பளம் கிடைக்கிறது, இங்கிலாந்து செல்கிறாள். ஜேசன் 7 ஏ பெற்றவன். அவனுக்கு எதுவும் கிடைக்கவில்லை. அவன் வி.சி.டி. விற்கிறான்.

இயக்குநர் இதற்காக ஒரு சொற்பொழிவு வைக்கவில்லை. ஓரிரு பேச்சில் சொல்லிவிட்டுக் கதையை நகர்த்திவிடுகிறார். நுழைவாயிலில் வைத்த தாகூரைவிட இதுவே எனக்குப் பெரிதாகப் படுகிறது. காதலர்களைப் பிரிப்பது மதமோ பெற்றோரோ அல்லர் என்பதைக் கவனியுங்கள். ஓர்கெட்டின் பெற்றோர் அவனை வெறுக்கவில்லை. தாய்தான் கடைசியில் தொலைபேசியை எடு என்கிறார். அவர்களைப் பிரிப்பது ஒரு விமானப் பயணச்சீட்டு. அந்தச் சீட்டு ஒருவருக்குக் கிடைத்து மற்றவருக்குக் கிடைக்காமற்போனதற்குப் பின்னால் 1969-ஆம் ஆண்டு மே 13 கலவரமும், 1971-இல் பிறந்த புதிய பொருளாதாரக் கொள்கையும், அதன் வழி வந்த ஒதுக்கீடுகளும் இருக்கின்றன. வறுமையை இனம் பாராமல் ஒழிப்பது, இனத்தையும் தொழிலையும் பிணைத்த பழைய கட்டை அவிழ்ப்பது என்பவை அக்கொள்கையின் நோக்கங்கள். மலாய்க் கிராமங்களிலிருந்து மருத்துவர்களும் பொறியாளர்களும் எழுந்தார்கள். அது பெரிய சாதனை, மறுப்பதற்கில்லை. அதே வேளையில் தோட்டத்துத் தமிழ்ப்பிள்ளையும், ஈப்போவின் ஏழைச் சீனப்பிள்ளையும் வரிசையின் எந்த இடத்தில் நின்றார்கள் என்னும் வினாவும் மறுப்பதற்கில்லை.

படம் வெளிவந்த காலத்தை நினைவுபடுத்திப் பாருங்கள். மெட்ரிகுலேஷன் கல்லூரிகள் பூமிபுத்ரா அல்லாத மாணவர்களுக்கு 10 விழுக்காட்டு இடங்களைத் திறந்துவிட்டது 2002-இல். 2019-இல் மொத்த இடங்கள் 25,000-லிருந்து 40,000-ஆக உயர்த்தப்பட்டபோதும் அந்த விகிதம் மாறவில்லை. 2024-ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில்தான், எஸ்.பி.எம். தேர்வில் 10 ஏ-யும் அதற்கு மேலும் பெறுவோர் எந்த இனத்தவராயினும் மெட்ரிகுலேஷனில் இடம் உண்டு என்று பிரதமர் அறிவித்தார். நல்ல அறிவிப்பு. ஆனால் நம் ஜேசன் எடுத்தது 7 ஏ. தெருவோரக் கடையில் நின்றுகொண்டே 7 ஏ எடுத்தவன். அவனைப் போன்றவர்கள் நம்மிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள். முதல் மாணவன் ஆகாதவர்கள், கடைசியும் ஆகாதவர்கள். தேர்வு முடிவு வெளியாகும் நாளில் செய்தித்தாள்காரர்கள் அவர்களைப் படம் எடுப்பதில்லை.

இனி, இப்படியொரு படத்தை எடுத்தவர் யார் என்று பார்ப்போம். யாஸ்மின் அகமது 1958-இல் ஜொகூரின் மூவார் வட்டாரத்தில் பிறந்தவர். இங்கிலாந்தில் உளவியல் பயின்றவர். விளம்பரத் துறையில் பல்லாண்டுகள் பணியாற்றியவர். பெட்ரோனாஸ் நிறுவனத்துக்காக அவர் எடுத்த பெருநாள் விளம்பரங்களை நாம் அனைவரும் தொலைக்காட்சியில் பார்த்துக் கண் கலங்கியிருக்கிறோம். சீனச் சிறுவன் ஒருவன் தன் பள்ளியில் தனக்குப் பிடித்த மலாய்ச் சிறுமியின் பெயரை வெட்கத்தோடு சொல்லும் விளம்பரம் பலருக்கு நினைவிருக்கும். பிள்ளைகளை நடிக்க வைக்காமல் பேச வைக்கும் கலை அவருக்குக் கைவந்திருந்தது. 2003-இல் 'ராபுன்' என்னும் தொலைக்காட்சிப் படம், அதன்பின் 'செப்பெட்'. யாஸ்மினின் கணவர் சீனர். ஓர்கெட் என்பது அவருடைய தங்கையின் பெயர். படத்தில் வரும் பெற்றோருக்கும் தம் சொந்தப் பெற்றோரின் பெயர்களையே வைத்தார். ஆகவே அந்த வீட்டின் சிரிப்பும் கேலியும் கற்பனையில் உருவாக்கியவை போல் தோன்றாததில் வியப்பில்லை. ஓர்கெட்டாக ஷரிஃபா அமானி, ஜேசனாகப் புதுமுகம் இங் சூ சியோங், தாயாக ஐடா நெரினா, தந்தையாக ஹரித் இஸ்கந்தர், அந்த வீட்டின் பணிப்பெண்ணாக அடிபா நூர். 2022-இல் மறைந்த அடிபா நூரை வெறும் நகைச்சுவை நடிகை என்று நினைத்திருப்பவர்கள் இந்தப் படத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்.

யாஸ்மின் தனியே தோன்றியவர் அல்லர். 2000-ஆம் ஆண்டில் அமீர் முகமது எடுத்த 'லிப்ஸ் டு லிப்ஸ்' தொடங்கி, சிறிய மின்னிலக்கக் கேமராக்களின் துணையால் ஒரு சுயேச்சைத் திரைப்பட இயக்கமே இந்நாட்டில் எழுந்தது. ஜேம்ஸ் லீ, ஹோ யூஹாங், டான் சுய் முய் எனப் பலர் அதில் இருந்தனர். பெரிய நிறுவனத்தின் பணமும் பெரிய நட்சத்திரமும் இல்லாமல், நண்பர்களே ஒருவர் படத்துக்கு ஒருவர் உழைத்து எடுத்த படங்கள் அவை. அந்த இயக்கத்தில் தமிழும் இருந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? தீபக் குமாரன் மேனன் 2005-இல் எடுத்த 'செம்மண் சாலை', 1960-களின் ரப்பர் தோட்டத்தில் பல்கலைக்கழகம் செல்லக் கனவு காணும் ஒரு பெண்ணின் கதை. தமிழகத்து வணிகப் படத்தின் சாயல் இன்றி, நம் தோட்டத்தின் விடியற்காலை அமைதியோடு எடுக்கப்பட்ட படம். அந்தப் பெண்ணையும் ஜேசனையும் அக்கா தம்பி என்றே சொல்லலாம். காலம் வேறு, இனம் வேறு. இருவர் முன்னும் மூடியிருந்த கதவு ஏறக்குறைய ஒன்றுதான்.

இந்நாட்டுத் திரையில் பல இனங்கள் கலந்தது அதுதான் முதல் முறை என்று எண்ணிவிடக் கூடாது. சிங்கப்பூரின் ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்புத் தளத்தில் முதலீடு சீனர்களான ஷா சகோதரர்களுடையது, இயக்கியவர்களுள் பலர் இந்தியர்கள், நடித்தவர்கள் மலாய்க்காரர்கள். 1948-இல் பி. ரம்லியைத் திரைக்குக் கொண்டுவந்த 'சிந்தா' படத்தை இயக்கியவர் பி.எஸ். ராஜன்ஸ். 1950-இல் ரம்லியைக் கதாநாயகனாக்கிய 'பக்தி' படத்தை இயக்கியவர் எல். கிருஷ்ணன், நம்மவர். அந்தப் படங்களில் கேமராவுக்குப் பின்னால் எல்லா இனமும் இருந்தது. கேமராவுக்கு முன்னால் மலாய்க் கதை மட்டும் இருந்தது. 1967-இல் அந்தத் தளம் மூடப்பட்ட பிறகு வந்த பல ஆண்டுகளில், மலாய்ப் படம், தமிழ்ப் படம், சீனப் படம் என்று பார்வையாளர்களும் பிரிந்துபோனார்கள். 'செப்பெட்' செய்தது என்ன? கலப்பைக் கேமராவுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது. பாத்திரங்கள் மலாய், கண்டனீஸ், ஆங்கிலம் என்று வாயில் வந்த மொழியில் பேசினார்கள். நாம் பேசுவது போலவே.

2005 பிப்ரவரியில், தணிக்கை வாரியத்தின் வெட்டுகளுக்குப் பிறகு படம் திரையரங்குக்கு வந்தது. அதே ஆண்டில் பிரான்சின் கிரெத்தேய் மகளிர் திரைப்பட விழாவில் முதற்பரிசு. தோக்கியோ அனைத்துலகத் திரைப்பட விழாவில் சிறந்த ஆசியப் படத்துக்கான விருது. உள்நாட்டில் 18-ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த படம். எதிர்ப்பும் உடன் வந்தது. ஒரு மலாய்ப் பெண் பிற இனத்தானை, அதுவும் கள்ள வட்டு விற்பவனை விரும்பலாமா என்று கேட்டார்கள். 2006-இல் இதன் தொடர்ச்சியான 'குப்ரா' வெளிவந்தபோது, இவ்விரு படங்களும் பண்பாட்டை மாசுபடுத்துகின்றன என்னும் கருத்தைத் தலைப்பாகவே வைத்து அரசுத் தொலைக்காட்சி ஒரு விவாதம் நடத்தியது. விந்தை என்னவென்றால் 'குப்ரா'வும் அவ்வாண்டின் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த படமாகத் தேர்வு பெற்றது. ஒரு கையால் கொட்டி மறு கையால் மாலையிடும் வழக்கம் நமக்குப் புதிதன்று.

ஓர்கெட்டின் சிறுவயதுக் கதையான 'முக்சின்', 2007-இல் பெர்லின் விழாவின் சிறார் பிரிவில் பரிசு பெற்றது. பெற்றோர் பிரிந்துபோனதால் பள்ளி விடுமுறைக்குச் சிற்றன்னை வீட்டில் வந்து தங்கும் 12 வயதுப் பையனும், 10 வயது ஓர்கெட்டும் கொள்ளும் நட்பு. மரம் ஏறுவதும் பட்டம் விடுவதுமாகச் செல்லும் இந்தப் படத்தை இளைய பிள்ளைகளோடு அமர்ந்தும் பார்க்கலாம் என்பதைத் தவிர இங்கே அதிகம் சொல்ல விரும்பவில்லை.

நான் முன்பு சொன்ன அந்தக் குறை தீர்ந்தது 2009 மார்ச்சில். படத்தின் பெயர் 'டேலன்டைம்'. இம்முறை சந்திப்பு தெருவோரக் கடையில் நிகழவில்லை, பள்ளியில் நிகழ்கிறது. அதுவும் ஈப்போவின் ஆண்டர்சன் பள்ளியில். 1909-இல் நிறுவப்பட்ட அந்தப் பள்ளிக்குப் படம் வெளியான ஆண்டில் நூறு வயது. பள்ளியில் ஒரு கலைத்திறன் போட்டி. போட்டியாளர்களை ஒத்திகைக்கு மோட்டார் சைக்கிளில் அழைத்து வரும் பொறுப்பு சில மாணவர்களுக்குத் தரப்படுகிறது. மெலூர் என்னும் பெண்ணை அழைத்து வருபவன் மகேஷ், இந்து இந்தியக் குடும்பத்துப் பிள்ளை. பேசினாலும் திரும்பிப் பார்க்காத அவனைத் திமிர் பிடித்தவன் என்று எண்ணுகிறாள் மெலூர். அவனுக்குக் காது கேளாது என்பது பிறகுதான் அவளுக்குத் தெரியவருகிறது.

இந்த ஓர் இடத்தில் ஆசிரியர்கள் படத்தைச் சற்று நிறுத்திவைக்கலாம். வகுப்பில் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையை நாம் என்னவென்று எழுதி வைத்திருக்கிறோம்?

மகேஷின் தாய் கணவனை இழந்தவர். அவருக்குத் துணையாக இருந்த தம்பி கணேஷ், பிள்ளைகளுக்குத் தந்தை போன்ற தாய்மாமன், தன் திருமண வேளையில் பக்கத்து வீட்டாருடன் எழுந்த தகராறில் உயிரிழக்கிறான். பக்கத்து வீட்டார் முஸ்லிம்கள். அதன் பிறகு தன் மகன் ஒரு முஸ்லிம் பெண்ணை விரும்புகிறான் என்று அறியும் அந்தத் தாயின் சினம் எப்படி இருக்கும்? சுகன்யா வேணுகோபால் ஏற்று நடித்திருக்கும் அந்தத் தாயை இயக்குநர் கொடியவளாகக் காட்டவில்லை. அவர் தமிழில் கதறுகிறார், தமிழில் ஏசுகிறார். மகனுக்கு அந்த ஒலி கேட்காது; முகம் மட்டும் தெரியும். தாய்மொழி என்று நாள்தோறும் மேடையில் முழங்குகிற நாம், தாயின் மொழியைக் காதால் கேட்டறியாத ஒரு தமிழ்த் தாயின் பிள்ளையை இதற்கு முன் எந்தத் திரையிலாவது இவ்வளவு அருகில் பார்த்திருக்கிறோமா? வீட்டார் அவனோடு கைகளால் பேசுகிறார்கள். மெலூரும் அதைக் கற்றுக்கொள்ளத் தொடங்குகிறாள்.

ஜேசனையும் மகேஷையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஒரு மாற்றம் தெரிகிறது. ஜேசனின் கதையில் பள்ளி ஒரு மதிப்பெண் பட்டியலாக மட்டுமே வந்து போகிறது. அவனைத் தேடி வந்த ஆசிரியர் ஒருவரும் இல்லை. மகேஷின் கதையில் ஒரு பள்ளி மண்டபம் இருக்கிறது, ஒத்திகை இருக்கிறது, பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துப் பொறுப்புக் கொடுக்கும் ஆசிரியை இருக்கிறார். அந்த ஆசிரியையாக வருபவரும் அடிபா நூர்தான். அதே போட்டியில் முதல் மாணவன் என்னும் இடத்தை இழந்த சீனப் பையன் காஹோ, அந்த இடத்துக்கு வந்த மலாய் மாணவன் ஹாபிஸ் மீது பொறாமை கொண்டு, அவன் தேர்வில் ஏமாற்றியதாகப் பழி சொல்கிறான். ஹாபிஸின் தாயோ மூளைக்கட்டியால் சாகக் கிடக்கிறார். இறுதி நாளில் ஹாபிஸ் கிதாருடன் பாடும்போது, காஹோ எழுந்து வந்து அருகில் அமர்ந்து தன் எர்ஹுவை இசைக்கிறான். இதை எழுதிக் காட்டினால் பாடநூல் ஒற்றுமை போல் தோன்றும். திரையில் அப்படித் தோன்றாததற்குக் காரணம், அந்தக் காஹோவின் தோல்வி நமக்கு முன்பே காட்டப்பட்டிருப்பதுதான்.

மெலூருக்கோ பாட முடியவில்லை. மேடையேறியவள் பாடாமலே இறங்கி வெளியே சென்றுவிடுகிறாள். மகேஷ் வெளியே நிற்கிறான்.

படம் வந்த நான்கு மாதங்களில், 2009 ஜூலை 25-ஆம் நாள், பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டிருந்த யாஸ்மின் அகமது காலமானார். அவருக்கு வயது 51. ஜப்பானில் 'டேலன்டைம்' 2017-இல் திரையரங்குகளில் வெளியிடப்பட்டு அங்கே பெரும் வரவேற்பைப் பெற்றது என்பது, இதை இங்கே பார்க்காமல் விட்டவர்களுக்கான செய்தி. அவர் உடைத்த சுவர் முழுமையாக வீழ்ந்துவிட்டது என்றும் சொல்ல இயலாது. சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்', தோட்டத்தை விட்டு வெளியேறிய தமிழ்க் குடும்பத்துச் சிறுவன் அப்போயின் கதை, 2015 இறுதியில் வெளிவந்தது. 2016-ஆம் ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் தேசிய மொழிப் படங்களுக்கு ஒரு பிரிவு, பிற மொழிப் படங்களுக்கு வேறொரு பிரிவு என்று அறிவித்தபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர்களுள் மலாய்க் கலைஞர்கள் முன்னணியில் நின்றனர். ஏற்பாடு மாற்றப்பட்டது; 'ஜகாட்' சிறந்த மலேசியத் திரைப்படம் என்னும் விருதைப் பெற்றது. ஒரு தமிழ்ப் படம்! அப்போயின் ஆசிரியர்களைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுத வேண்டும். வேறொரு நாள் எழுதுகிறேன்.

பெற்றோர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. 'செப்பெட்' படத்தில் அடிதடியும், திருமணமாகாத பெண்ணின் கருத்தரிப்பைப் பற்றிய பேச்சும் உண்டு. முதலில் நீங்கள் தனியே பாருங்கள். அதன்பின் நான்காம், ஐந்தாம் படிவப் பிள்ளைகளோடு பாருங்கள். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அது வேண்டா, 'முக்சின்' போதும். 'டேலன்டைம்' படத்தைக் குடும்பத்தோடு பார்க்கலாம், கைக்குட்டை ஒன்று அருகில் இருக்கட்டும். பார்த்து முடித்ததும் உங்கள் பிள்ளையிடம் காதலைப் பற்றி விசாரணை எதுவும் தொடங்காதீர்கள். உன் வகுப்பில் யாரோடு யார் அமர்ந்து சாப்பிடுகிறார்கள் என்று மட்டும் கேளுங்கள். பதில் ஆங்கிலத்தில் வந்தாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.